என் வண்டியில் ஓடுவதும் இதுதான்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதமும் நெடுங்காட்டு உளுந்து மூட்டையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கடிதம் காலைத் தபாலில் கடைக்கு வந்தது. மூட்டையை மத்தியானம் பஸ்காரர் வழக்கம்போல் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உன் அம்மா மூட்டையைத்தான் முதலில் பிரித்தாள். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, இந்த வருஷம் பூச்சி இல்லை என்றாள். அதற்கப்புறம்தான் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். வண்டிக்கு பிரேக் கட்டை மாற்ற வேண்டுமாம், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறான் என்றேன். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது பிள்ளைக்குக் கவலையைப் பார் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கையில் உன் கேள்வி, இன்னொரு கையில் அந்த உளுந்து. பதினாலு வருஷமாக நான் ஒன்றாகச் சேரவிடாமல் பார்த்துக்கொண்ட இரண்டு சங்கதிகள் என் வீட்டுக் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கும். லீவு நாளில் உட்கார்ந்து படி.

நீ கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேசவேண்டும் என்பது கடைக்காரன் முறை. திருச்சியில் உனக்கு மூன்று விதம் காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். சீல் வைத்த பெட்டியில் வரும் கம்பெனிக் கட்டை ஒன்று. பாதி விலைக்குக் கிடைக்கும் லோக்கல் கட்டை ஒன்று. உன் பழைய கட்டையிலேயே, உரசித் தேய்கிற மேல்பட்டையான லைனிங்கைப் புதிதாக வைத்து ரிவிட் அடித்துத் தருவது இன்னொன்று. இதில் அந்த லோக்கல் கட்டையைத்தான் கடைக்காரர் கையில் எடுத்துத் தட்டிக் காட்டி, கல் மாதிரி இருக்கிறது, மூன்று வருஷமானாலும் தேயாது என்றாராம். தேயாத கட்டையை வாங்காதே. சக்கரத்தின் நடுவில் சுற்றுகிற டிரம்மை உள்ளேயிருந்து உரசி நிறுத்துவதற்குத்தான் கட்டை இருக்கிறது. உரசினால் தேய்ந்துதான் ஆகவேண்டும். தேயவில்லை என்றால் ஒன்று அது வழுக்குகிறது, இல்லை டிரம்மைத் தின்கிறது. கட்டை போனால் அரைமணி நேரத்தில் வேறு போடலாம். டிரம் போனால் சக்கரத்தையே பிரித்துக் கோக்கவேண்டும். நம் ஆட்கள் செருப்பு வாங்கினாலும் குடை வாங்கினாலும் எத்தனை நாள் உழைக்கும் என்றுதான் கேட்பார்கள். பிரேக் கட்டைக்கும் அதே கேள்வியைக் கேட்பார்கள். நிறுத்துமா என்று கேட்டவரை இத்தனை வருஷ வியாபாரத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கம்பெனிக் கட்டையை வாங்கு. கிடைக்காவிட்டால் நல்ல ஆளாகப் பார்த்து லைனிங் அடித்துக்கொள், தப்பில்லை. எதை வாங்கினாலும் லைனிங்கின் ஓரத்தில் நகத்தால் அழுத்திக் கீறிப் பார். லேசாகத் தடம் விழவேண்டும். கண்ணாடி மாதிரி இருந்தாலும் வேண்டாம், மாவு மாதிரி உதிர்ந்தாலும் வேண்டாம். ரிவிட்டின் தலை நன்றாக உள்ளே இறங்கியிருக்கவேண்டும். மேலாக இருந்தால் கொஞ்சம் தேய்ந்ததுமே டிரம்மைக் கீறிவிடும். ஒன்று நன்றாக இருக்கிறதே என்று பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றும் போடாதே, ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். மாட்டுவதற்கு முன் டிரம்மை உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடு. மாட்டிய பிறகு முதல் நூறு கிலோமீட்டர் நீ தனியாக ஓட்டு. புதுக் கட்டை டிரம்மோடு பழகுகிறவரைக்கும் பின்னால் யாரையும் ஏற்றாதே.

இன்னொன்று. அடுத்த ஆயுத பூஜை உங்கள் தலை ஆயுத பூஜையாக இருக்கும். உன் மனைவி ஆசையாக வண்டியைத் துடைத்துப் பொட்டு வைப்பாள். மாலை போடட்டும், சந்தனம் வைக்கட்டும். சக்கரத்துக்கு எண்ணெய் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு. இங்கே உப்புக் காற்றுக்குத் துரு ஏறாமல் இருக்கவேண்டும் என்று கம்பிக்குக் கம்பி எண்ணெய் பூசி, மிச்சத்தை நடுவிலும் ஊற்றிவிடுவார்கள். அது டிரம்முக்குள் இறங்கிவிடும். சாமி கும்பிட்ட மறுநாள் காலையில் பிரேக் பிடிக்காத வண்டிகளாக என் கடை வாசலில் வந்து நிற்கும். எண்ணெய் குடித்த லைனிங்கைத் தூரத்தான் போடவேண்டும். ஆரம்பத்தில் நான்கைந்து வருஷம் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. வியாபாரம் அல்லவா? பிறகு மனசு கேட்காமல் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். அந்த அட்டைக்கும் மாலை போட்டுப் பொட்டு வைத்தார்களே தவிர, ஊற்றுகிறவர்கள் இன்னும் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி உளுந்து சங்கதிக்கு வருகிறேன். உன் தாடையில் ஒரு தழும்பு இருக்கிறதே, சவரம் செய்யும்போது நீ சுற்றிப் போகிற இடம், அது எப்படி வந்தது என்று உனக்கு ஒரு கதை தெரியும். அம்மாவுக்கும் அதே கதைதான் தெரியும். நெடுங்காட்டுக் கலியமூர்த்தி, நீ சின்ன வயதிலிருந்து உளுந்து மாமா என்று கூப்பிடுகிறவர், தன் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தார், அதில் நம் வண்டி வழுக்கி மூன்று பேரும் வாய்க்காலில் விழுந்தோம் என்பது கதை. அந்தக் கதையைக் கட்டியது நான் இல்லை. ஆனால் கட்டிய வீட்டுக்குள் சௌகரியமாகக் குடியிருந்தது நான்தான்.

எமர்ஜென்சி வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முந்தி அது. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பம்ப்பும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்துப் பஞ்சர் ஒட்ட ஆரம்பித்தவன், அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடைக்காரனாக ஆகியிருந்தேன். மதராஸிலிருந்து ஒருவன் ஒரு பெட்டி நிறைய பிரேக் கட்டை கொண்டுவந்தான். பார்க்க லட்சணமாக இருந்தது. மலிவாகவும் இருந்தது. கையில் தட்டினால் உன் திருச்சிக் கடைக்காரர் சொன்ன மாதிரி கல் சத்தம். நான் மயங்கிவிட்டேன். பெட்டியோடு வாங்கிப் போட்டேன். ஆனால் விற்கவில்லை. புதுச் சாமானைத் தொட எல்லாரும் தயங்கினார்கள். ஒருநாள் திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு மரைக்காயர் வந்தார். வியாபாரத்துக்காகத் தினமும் வண்டியில் சுற்றுகிறவர், எதையும் நாலு தடவை திருப்பிப் பார்ப்பார். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அல்லாவுக்குப் பொதுவா சொல்லுங்க தம்பி. ஒங்க வண்டியில நீங்க இதப் போடுவீங்களா?"

"என்ன பாய் இப்புடிக் கேட்டுட்டீங்க, என் வண்டியிலயே இதுதான் ஓடுது" என்றேன்.

ஓடவில்லை. என் வண்டியில் கம்பெனிக் கட்டை ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கோ, நாம் பொய் சொல்லி விற்கிறவன் இல்லை என்று ஒரு கர்வம் உண்டு. அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. சொன்ன பொய்யைச் சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. மரைக்காயரைத் தேடிப் போய் உள்ளதைச் சொல்வது ஒன்று. சொன்னதை உண்மையாக்கிவிடுவது இன்னொன்று. சாயந்திரம் கடைக்குப் பின்னால் வண்டியைச் சாய்த்துப் போட்டு, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, நன்றாக இருந்த கட்டைகளை எடுத்துவிட்டு அந்தக் கல்லுக் கட்டைகளை மாட்டினேன். அப்புறம்தான் எனக்கு நிம்மதி வந்தது. யோசித்துப் பார், பொய் சொன்ன குற்றம் போய்விட்டதாம், அதனால் நிம்மதியாம். அன்றிலிருந்து வருகிறவரிடமெல்லாம் அதே வாக்கியத்தைக் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். பதினோரு ஜோடி போயிற்று.

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒரு வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மிதித்தால் வண்டி யோசித்து நிற்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா, அதற்குத் தகுந்தாற்போல் ஓட்டப் பழகிக்கொண்டேன். முன்கூட்டியே கியரைக் குறைப்பது, வளைவுக்கு முன்னாலேயே ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுப்பது என்று கால் ஒரு வழக்கத்துக்கு வந்துவிட்டது. குறையோடு பழகிவிட்டால் குறை கண்ணுக்குத் தெரியாது. உன் அம்மா ஒருதடவை, வண்டி முன்ன மாதிரி டக்கென்று நிற்கவில்லையே என்று கேட்டாள். நான் இப்போது நிதானமாக ஓட்டுகிறேன் என்றேன். அவள் அதை நம்பி, பிள்ளை வளர வளர மனுஷனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

பங்குனி மாதம் நெடுங்காட்டுப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் புறப்பட்டோம். நீ முன்னால் டாங்கியின் மேல், அம்மா பட்டுப் புடவையில் பின்னால். உனக்கு ஒன்பது வயது, புறப்பட்டதிலிருந்தே கறிக்குழம்பு உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்தாய். அந்த மாதத்தில் அந்த ரோடு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். தண்ணீர் நின்று, நெல் அறுத்த வயலில் போட்ட உளுந்தும் முற்றியிருக்கும். பிடுங்கிய செடிகளைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணியைப் பிரித்துக் கொடுத்துவிடும். யாரும் யாரையும் கேட்பதில்லை, டிரைவர்களும் முணுமுணுத்துக்கொண்டு ஏற்றிப் போய்விடுவார்கள். தூரத்தில் உளுந்து பரப்பியிருந்ததைப் பார்த்தேன். நடுரோட்டில் ஒரு பெண் கம்பால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். நூறு அடிக்கு முன்னாலேயே மிதித்தேன். மூன்று பேர் பாரம். வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினேன். வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. ஹாரனைக் கேட்டு அந்தப் பெண் ஒரு பக்கம் தாவினாள், நான் மறுபக்கம் ஒடித்தேன், சக்கரம் உளுந்தில் ஏறிற்று, பிறகு வானம் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லாத காலம். காட்டாமணக்குப் புதர்தான் நம்மைத் தாங்கியது.

உளுந்தில் சக்கரம் வழுக்கியது உண்மை, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உளுந்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே அந்த வண்டி நின்றிருக்கவேண்டும்.

வயலிலிருந்து கலியமூர்த்தி ஓடிவந்தார், கடைப் பக்கம் வந்து போகிறவர் என்பதால் முன்பே முகம் தெரியும். புரட்டிக்கொண்டிருந்தவள் அவர் சம்சாரம் அஞ்சலை. அவர் உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், உன் ரத்தம் அவர் முதுகெல்லாம் வழிந்தது. அம்மாவின் மணிக்கட்டு ஒரு மாதிரி திரும்பித் தொங்கியது. அவர் அழுதுகொண்டே, "என் உளுந்தாலதான மொதலாளி இப்புடி ஆயிப்போச்சு, என் உளுந்தாலதான" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் இல்லை என்று சொல்லவேண்டிய இடம் அது. ஒரே வார்த்தை. நான் சொன்னது வேறு. "விடுங்க கலியமூர்த்தி, ரோட்டுல போடுறது ஊர் வழக்கம்தான" என்றேன். அதாவது, நான் அவரை மன்னித்தேன். கூடி நின்ற ஜனம் என் பெருந்தன்மையைப் பாராட்டியது. அவர் ரோட்டிலேயே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் வண்டியைப் பிரித்துப் பார்த்தேன். லைனிங் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. பதினோரு பேரையும் தேடிப் போய், கம்பெனியில் திருப்பிக் கேட்கிறார்கள் என்று ஒரு புளுகைச் சொல்லி, நல்ல கட்டை மாட்டிக் கொடுத்துவிட்டு அதையெல்லாம் வாங்கி வந்தேன். மரைக்காயர் என் தோளைத் தட்டி, நல்ல கம்பெனி தம்பி, விடாதீங்க என்றார். பெட்டியை மொத்தமாகக் கொண்டுபோய் அரசலாற்று முகத்துவாரத்தில் போட்டேன். ஆக, ரோட்டில் போகிறவர்களுக்கு இனி ஆபத்தில்லை, என் பெயருக்கும் ஆபத்தில்லை. விட்டுப்போனவர் கலியமூர்த்தி ஒருவர்தான்.

அடுத்த மாதமே கலியமூர்த்தியின் முதல் மூட்டை வந்தது. அம்மாவின் கைக்குக் கட்டுப் போட்டிருந்ததால் அந்த உளுந்தை ஆட்டுக்கல்லில் ஆட்டினது நான்தான். நீ பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொடுத்தாய். குழவியைச் சுற்றச் சுற்ற எனக்குத் தோள் வலித்ததே தவிர வேறெங்கும் வலிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருஷமும் வந்தபோது நேரில் போய், இதெல்லாம் வேண்டாம் என்றேன். "புள்ள மொகத்துல கோடு போட்டவன் நான். அது அழியிற வரைக்கும் அனுப்புவேன்" என்றார். அது அழியாது என்று அவருக்கும் தெரியும். அதற்கப்புறம் வருஷாவருஷம் வந்தது, வடையும் இட்லியுமாகப் போயிற்று. அந்த வடையை நான் மூன்றுக்குக் குறைந்து தின்றதில்லை.

இப்போது உன் கல்யாணம். சொந்தம் நீங்கலாக முதல் பத்திரிகை உளுந்து மாமாவுக்குத்தான் என்று அம்மா சொன்னாள், இருவரும் நேரில் போய் வைக்கவேண்டும் என்றாள். அதைச் சொன்ன வாரத்தில்தான் உன் கடிதம் வந்தது. நீ எதை வாங்குவது என்று என்னைக் கேட்கிறாய். நான் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி மாட்டுவாய். பிறகு ஒரு பெண்ணைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுவாய். பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்பது ஓட்டுகிறவன் காலுக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் இருக்கிறவள் உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள். உன் அம்மா பதினாலு வருஷமாக என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சொல்லிவிட்டேன். மூட்டை வந்த மறுநாள் காலை, அவள் அந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று விடாமல் சொன்னேன். முறம் நின்றுவிட்டது. கொஞ்சநேரம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள், மழைக்காலத்தில் வலிக்கும்போது செய்கிற மாதிரி. கோபித்துக்கொள்வாள், அழுவாள் என்று நினைத்தேன். "என் கை கெடக்கட்டும் விடுங்க. அந்த மனுஷன் கும்பிட்டாரே, அதுல பாதிய நானுல்ல வாங்கி வச்சிருக்கேன்" என்றாள். பிறகு, "பத்திரிகைய நீங்க மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க. நான் வந்தா எனக்காக ஒங்கள மன்னிச்சிருவாங்க" என்றாள். அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வந்தது, காபி வந்தது, பேச்சு வரவில்லை.

நேற்று முன்தினம் காலையில் போனேன், அதே வண்டியில்தான். கலியமூர்த்தி வீட்டில் புதுப் பாய் விரித்தார்கள். நான் பத்திரிகைத் தட்டைப் பாயில் வைக்காமல், முதலில் ஒன்று சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தேன். மரைக்காயரிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் சொன்னேன். வியாபாரத்தில் எத்தனையோ பேரிடம் பேசி ஜெயித்திருக்கிறேன், இப்படி வாய் உலர்ந்து பேசியது இல்லை. அவர் குனிந்து ஒரு காய்ந்த உளுந்துக் காயை விரலால் உரித்துக்கொண்டிருந்தார். மணிகள் கீழே விழுந்தன. பிறகு கேட்டார்:

"அப்ப நான் ரோட்டுல போடாம இருந்தது?"

எனக்குப் புரியவில்லை. அஞ்சலைதான் விளக்கினாள். அந்த வருஷத்திலிருந்து அவர்கள் ஒரு செடிகூட ரோட்டில் போட்டதில்லையாம். தெருவே ரோட்டில் பரப்பி, பஸ் வந்து இலவசமாக அடித்துக் கொடுத்துவிட்டுப் போகும்போது, இவர்கள் இருவர் மட்டும் களத்தில் போட்டு வெயிலில் கம்பால் அடித்திருக்கிறார்கள். தெருவில் கேலி பேசியிருக்கிறார்கள். பதினாலு அறுவடை. அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள், தோளுக்கு மேல் வரவில்லை. "இந்தக் கை கொண்டை போட்டு ஆறு வருஷம் ஆவுது. அவருதான் போட்டு விடுறாரு" என்றாள்.

மூட்டைகளைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன், அதற்குப் பதில் சொல்லத்தான் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். இது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த ரோட்டில் எத்தனை பங்குனிக்குப் போயிருக்கிறேன், அவர்கள் வீட்டுக்கு எதிரே மட்டும் தார் வெறுமையாகக் கிடந்ததை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

அஞ்சலை என் கையிலிருந்த தட்டை வாங்கிப் பாயில் வைத்தாள். "புள்ள கல்யாணத்துக்கு நாங்க வராம வேற யாரு வருவா. அது வேற" என்றாள். "இது வேற. வாய்க்காலுக்கு அந்தண்ட இன்னும் ஒரு வயலு அடிக்காம கெடக்கு. தூக்கியாந்து ரோட்டுல போடுறோம். நீங்க ஓட்டுங்க."

கலியமூர்த்திக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "ஏய், மொதலாளியப் போயி..." என்று இழுத்தார்.

"மொதலாளி காரைக்கால்ல. இங்க வண்டிக்காரரு" என்றாள்.

வெள்ளைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அவர்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, பதினாலு வருஷத்துக்கு அப்புறம் அந்தத் தார் ரோட்டில் பரப்பினார்கள். பஸ் ஒருதடவையில் செய்கிறதை உங்கள் வண்டி நாற்பது தடவை செய்யவேண்டும் என்று அஞ்சலை முன்கூட்டியே சொல்லிவிட்டாள். முதல் கியரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, திரும்பி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. வெடித்த காயிலிருந்து மணி தெறித்து முகத்தில் அடித்தது. ஹாரன் அடித்துக்கொண்டு வந்த பஸ் நின்றது, நம் மூட்டையை வருஷாவருஷம் கொண்டுவரும் அதே பஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மொதலாளி, கடைய வித்துட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கு அஞ்சலை பதில் சொன்னாள், இன்று ஒருநாள் உன் வேலையை இவர் பார்க்கிறார், நீ ஓரமாகப் போ என்று. பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் நம் வாடிக்கைக்காரர்கள் குறைந்தது இரண்டு பேர் இருந்தார்கள்.

கலியமூர்த்தி என்ன செய்தார் கேள். உளுந்து முடிந்து வெறும் தார் ஆரம்பிக்கிற இடத்துக்குப் பத்தடி தள்ளிப் போய், ரோட்டுக்கு நடுவில் என்னைப் பார்த்து நின்றுகொண்டார். கையை உயர்த்தினார். நான் மிதித்தேன். அவர் காலுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. விலகி வழிவிட்டார். திரும்பி வரும்போது மறுபடியும் நின்றார். முதல் இரண்டு மூன்று தடவை நான் நெருங்கும்போது அவர் உடம்பு தன்னால் பின்னுக்குப் போனது. பிறகு போகவில்லை. ஏழெட்டுத் தடவைக்கு மேல் கையை உயர்த்துவதையும் விட்டுவிட்டார், சும்மா நின்றார். நான் நின்றேன். வெயில் உச்சிக்கு வந்தபோது, "நல்லாத்தான் புடிக்கிது" என்றார்.

மத்தியானம் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்தார்கள். கிளம்பும்போது அஞ்சலை அந்தப் புது உளுந்தில் ஒரு மரக்கால் அளந்து துணியில் கட்டிக் கையில் கொடுத்தாள். நான் தயங்கினேன். இது அந்த உளுந்து இல்லை, இது கூலி, பிடியுங்கள் என்றாள். அடுத்த வருஷத்திலிருந்து மூட்டை வராது, வேண்டுமென்றால் வந்து ஓட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். நான் சரி என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்தபோது என் தலையெல்லாம் தூசி, வேட்டியெல்லாம் சருகு. அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துணி முடிச்சைத் தொட்டு, இது எந்த உளுந்து என்று கேட்டாள். இரண்டு நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி. கூலி என்றேன். வாங்கித் தனிப் பானையில் கொட்டி, உன் கல்யாண வடைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள். நேற்றுச் சாயந்திரம் பக்கத்து வீட்டில், வெயிலில் ஓட்டி என் வீட்டுக்காரர் கூலி வாங்கிவந்தார் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. குரலில் பழைய பெருமை கொஞ்சம் இருந்தது போலப் பட்டது. என் ஆசைக்கு அப்படிக் கேட்டிருக்கலாம்.

உபதேசம் என்று எனக்குப் பெரிதாகத் தெரியாது. வியாபாரத்தில் நான் கற்றது ஒன்றுதான். பொய் சொல்லிவிட்டால் போய் இல்லையென்று சொல்லிவிட்டு வா, அதை உண்மையாக்கப் பார்க்காதே. உண்மையாக்குகிற வேலையில்தான் அடுத்தவன் கையும் தோளும் போகிறது. இந்தக் கடிதத்தை நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் கொடு. மாமனாரின் லட்சணம் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. தவிர, பின்னால் உட்காரப் போகிறவள் அவள்.

கல்யாணத்துக்கு உளுந்து மாமாவும் அஞ்சலையும் முந்தின நாளே வந்துவிடுவார்கள். நீ போய் விழுந்து கும்பிடவேண்டிய வரிசையில் அவர்களும் இருக்கிறார்கள், மறந்துவிடாதே.

திருச்சியில் கட்டை வாங்கவேண்டாம். இத்தோடு வரும் பார்சலில் முன்சக்கரத்துக்கு ஒரு ஜோடி, பின்சக்கரத்துக்கு ஒரு ஜோடி இருக்கிறது. நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன், நீயும் ஒருமுறை கீறிப் பார். மரைக்காயர் கேட்ட கேள்வியை நீ என்னைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது என் கடமை. என் வண்டியில் ஓடுவதும் இதுதான். நெடுங்காட்டில் கலியமூர்த்தியைக் கேட்டுப் பார்.

உன் அப்பா